கவிழ்த்த தட்டுகள்

சைட்டில் தலைக்கு மேலே கிரேன் இரும்பு தூக்கினால் கீழே சுற்றிலும் சிவப்பு வெள்ளை டேப் கட்டிவிடுவார்கள். அனுமதி இல்லாமல் அதைத் தாண்டினவனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். எத்தனை வருஷ சர்வீஸ் என்ற பேச்சே கிடையாது. அதனால் எங்கள் ஆட்களுக்கு அந்த டேப்பைக் கண்டாலே கால் தானாக நின்றுவிடும். அதே டேப்பை ஒரு வெள்ளிக்கிழமை சவூதியில் எங்கள் ஜுபைல் கேம்ப்பின் சமையலறைக்கு நடுவில், இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக, யாரோ கட்டிவிட்டார்கள். அங்கே தலைக்கு மேலே ஃபேன் மட்டும்தான் சுற்றியது. இருந்தும் ஒருத்தரும் தாண்டவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தாலும் அந்தப் பக்கத்துக் கரண்டி அந்தப் பக்கத்துக் கரண்டிதான்.

டேப்புக்கு இந்தப் பக்கம் ராக்கப்பன் அண்ணன். பைப் கேங்குக்கு ஃபோர்மேன், ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அந்தப் பக்கம் பாலகுரு. சாரம் கட்டும் கேங்குக்கு ஃபோர்மேன், மன்னார்குடிக்காரன். நான் அம்மையப்பன், அறந்தாங்கி. வேலை பாலகுருவின் கேங்கில், படுக்கை ராக்கப்பன் அண்ணனின் பிளாக்கில். சண்டை நடந்தபோது இது யாருக்கும் ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. சண்டையில் ஜெயித்த பிறகுதான் நான் எந்தப் பக்கம் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சண்டை எங்களுக்குள் இல்லை. மெஸ் காண்ட்ராக்டரோடு. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு போடுகிற சோறு அது. பருப்பு என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றுவான். கோழித் துண்டில் இறகின் அடிக்குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். சோற்றில் இருந்த புழுவைச் சீரகம் என்று நினைத்துத் தின்றவன் நான். வேலையை நிறுத்தினால் போலீஸ் வரும், அப்புறம் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், திரும்பி வரவே முடியாது. அதனால் வேலையை நிறுத்தவில்லை. டியூட்டிக்குப் போனோம், வந்தோம், குளித்தோம், மெஸ்ஸில் வரிசையாக உட்கார்ந்தோம், ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டோம். பசிக்கவில்லை என்று சொன்னவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? காண்ட்ராக்டர் கத்திப் பார்த்தான். சோறு அண்டா அண்டாவாகக் குப்பைக்குப் போனது. நாங்கள் வெளியே பக்காலாக் கடையில் குபூஸ் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி, பாத்ரூமுக்குள் நின்று தின்றோம்.

ராக்கப்பன் அண்ணன் அதையும் தொடவில்லை. அவருக்குச் சுகர் உண்டு. வெயிலில் பைப் தூக்கிவிட்டு வந்து ஒருநாள் மெஸ் வாசலிலேயே சரிந்துவிட்டார். பாலகுருதான் அவர் தலையைத் தன் மடியில் வைத்து, பேரீச்சம்பழத்தைத் தன் வாயில் மென்று மென்று அவர் வாயில் வைத்தான். சொந்தத் தம்பிகூட அப்படிச் செய்ய மாட்டான். அதைப் பார்த்த பிறகு ஒரு தட்டும் நிமிரவில்லை. கடைசியில் காண்ட்ராக்டர் தன் பாத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். லாரி கேட்டைத் தாண்டும்போது பாலகுரு ராக்கப்பன் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று தெரியாது, எல்லாரும் அழுதார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

முதீர், அதாவது கம்பெனி மேனேஜர், சமையலறையை எங்களிடமே விட்டார். நீங்களே பொங்கித் தின்னுங்கள் என்றார். கூட்டத்தோடு இனிமேல் பேச மாட்டேன், ராக்கப்பனும் பாலகுருவும் சேர்ந்து வந்து ஒன்றைச் சொன்னால் கேட்பேன், ஒருத்தர் மட்டும் வந்தால் கேட்க மாட்டேன் என்றும் சொன்னார். அப்போது அது எங்களுக்கு மரியாதையாகத்தான் தெரிந்தது.

முதலில் ஃப்ரீசர் எந்தச் சுவரோரம் இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. பிறகு ஸ்டோர் சாவி யார் இடுப்பில் என்று. பிறகு பைப் கேங்குக்குச் சாரம் தாமதமாக எழும்ப ஆரம்பித்தது. கட்டி முடித்த சாரத்தில் பைப் ஆட்கள் வெட்டுத்துண்டுகளை அள்ளாமல் விட்டுவிட்டுப் போனார்கள். ராக்கப்பன் அண்ணன் பிளாக்கில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓர் அண்டா வாங்கினார்கள். அடுத்த வாரம் பாலகுரு பிளாக்கில் அதைவிடப் பெரிய அண்டா வந்து இறங்கியது. உடனே இவர்கள் அதைவிடப் பெரியதாக, ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போல, தம்மாமிலிருந்து கொண்டுவந்தார்கள். அதில் போட்டுச் சமைக்க அரிசியும் இல்லை, அதைத் தாங்கும் அடுப்பும் இல்லை. சுவரோரம் கவிழ்த்து வைத்து, பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடந்தது. தட்டைக் கவிழ்க்கும் யோசனை யாருடையது? ராக்கப்பன் அண்ணன் தன்னுடையது என்றார். பாலகுரு தன்னுடையது என்றான். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. அந்தப் பேச்சு நடந்தது லாண்டரி ரூமுக்குப் பின்னால். ஒரு சிகரெட்டை மூன்று பேர் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஆள் நான். "தட்டக் கவுத்துட்டா அவன் என்ன பண்ணுவான்?" என்று ஒரு குரல் சொன்னது. நான் அந்த நேரம் உள்ளங்கையில் ஏறியிருந்த இரும்புச் சிராயை ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னது யார் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் என் மனைவி கருப்பாயியின் விஷயம் வந்தது. அவளுக்குப் பல மாதங்களாக உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. எங்கள் பெண் அருணா பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. வீடியோ காலில் கருப்பாயியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"நீங்க வந்தாத்தான் போயிப் படுப்பேன்," என்றாள். "இல்லாட்டி இப்பிடியே கெடக்குறேன். எம் பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு நான் மயக்க மருந்து வாங்குறது?"

அவள் சொன்னால் சொன்னதுதான். நான் போகாவிட்டால் படுக்க மாட்டாள்.

ஷட்டவுன் வேலை நடக்கிற நேரம். பிளாண்டை நிறுத்திவைத்து ராப்பகலாகப் பழுது பார்க்கும் காலத்தில் யாருக்கும் லீவு கிடையாது. கேம்ப் பாஸ் நிஜாம் பாயிடம் போனேன். நாகூர்க்காரர், நல்ல மனுஷன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். என் இடத்துக்கு ஆள் விடுவதாக ராக்கப்பனும் பாலகுருவும் சேர்ந்து வந்து சொன்னால் முதீர் விட்டுவிடுவார், அது ஒன்றும் கஷ்டமில்லை என்றார்.

அவர்கள் கடைசியாக எப்போது சேர்ந்து வந்தார்கள் என்று கேட்டேன்.

"தண்ணி டேங்க்ல பூனை செத்துக் கிடந்தப்ப," என்றார். "அதுவும் சேர்ந்து வரலப்பா. ஒருத்தர் காலையில வந்து பூனைன்னார். இன்னொருத்தர் சாயங்காலம் வந்து, பூனை இல்ல, குட்டின்னார். முதீர் ரெண்டையும் கேக்கல. நானே தூக்கிப் போட்டேன்."

முதலில் ராக்கப்பன் அண்ணனிடம் போனேன். அவர் சமையலறையில் தரையில் குந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கருப்பாயி பெயரைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பெண்டாட்டியை விடப் பெரிய வேலை எது, தாராளமாகப் போ என்றார். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போறதுக்கு முன்னாடி, நாலு பேரு சாப்புடுறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா. அன்னிக்கு லாண்டரிக்குப் பின்னாடி யாரு சொன்னான்னு. பொய் சொல்லச் சொல்லல. நடந்தத சொல்லு. இங்கிட்டுப் படுத்துக் கெடக்குறவன் தானே நீ."

மறுநாள் சைட்டில் பாலகுருவைப் பிடித்தேன். உயரச் சாரத்தில் நின்று நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். பேச்சைக் கேட்டதும் ஸ்பேனரை இடுப்பில் செருகிவிட்டு என் தோளில் கை போட்டான். ஆஸ்பத்திரியில் தன் மச்சினி நர்ஸாக இருக்கிறாள், போனில் சொல்லிவைக்கிறேன் என்றான். கண்கூடக் கலங்கினான்.

"ஆனா மாப்ள, என்னா அன்னிக்கு நடந்துச்சுன்னு ஒனக்கு மட்டுந்தான் தெரியும்," என்றான். "சபையில ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். எனக்காக வேணாம். நாயத்துக்காக. எங் கையால சாரம் ஏறுறவந்தானே நீ."

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைக் கேட்டார்கள். ஒருத்தரைச் சொன்னால் இன்னொருத்தர் ஆபீஸுக்கு வர மாட்டார். யாரையும் சொல்லாவிட்டால் இரண்டு பேரும் வர மாட்டார்கள். நான் பாலகுருவிடம், எனக்கு நினைவில்லை என்றே சொல்லிப் பார்த்தேன். அவன் என்னை விட்டுக் கொஞ்சம் விலகி நின்று பார்த்தான்.

"ராக்கப்பன் சொல்லிக் குடுத்துட்டாரா?" என்றான்.

அன்று டியூட்டி முடிந்து லாண்டரி ரூமுக்குப் பின்னால் போய் அதே இடத்தில் குந்தினேன். ஒரு சிகரெட்டும் பற்ற வைத்தேன். எப்படியாவது அந்தக் குரலைப் பிடித்துவிட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம், உண்மைக்கு இரண்டு பேரும் கட்டுப்படுவார்கள் என்று ஒரு எண்ணம். வாஷிங் மெஷின் இரைச்சல் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையின் வலி வந்தது. ஊக்கின் முனை வந்தது. குரல் வரவில்லை. ராக்கப்பன் அண்ணன் குரலில் சொல்லிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பாலகுரு குரலில் சொல்லிப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நானே சொன்னேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அருணா போன் செய்தாள். அம்மா ரேஷன் கடை வரிசையில் விழுந்துவிட்டாள், பக்கத்து வீட்டார் தூக்கி வந்தார்கள் என்றாள். பிள்ளை அழாமல் சொன்னாள். அதுதான் என்னைப் போட்டு அறுத்தது.

அந்தச் சாயங்காலம் முதல் பந்தியிலேயே எதையோ தின்றேன். என்ன குழம்பு என்று தெரியாது. எழுந்து தட்டைக் கழுவினேன். வீட்டில் தட்டைக் கழுவினால் தண்ணீர் வடியக் கவிழ்த்து வைப்போம். எங்கள் அம்மா அப்படி, கருப்பாயியும் அப்படி. ஆனால் சண்டைக்குப் பிறகு எங்கள் கேம்ப்பில் யாரும் மேஜையில் தட்டைக் கவிழ்ப்பதில்லை. அப்படி ஒருத்தரும் உத்தரவு போடவில்லை. கழுவின தட்டைச் சுவரில் சாய்த்து நிறுத்துவது தானாக வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு என் புத்தி தஞ்சாவூரில் இருந்தது. கை வீட்டில் இருந்தது. தட்டை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

திரும்பி வந்தால் சமையலறையில் சத்தமே இல்லை. டேப்புக்கு இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாத் தட்டும் கவிழ்ந்திருந்தது. எல்லாரும் கையைக் கட்டியிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த பைப் ஆள் ஒருத்தனிடம் என்னப்பா என்று கேட்டேன். நீதானே கவிழ்த்தாய் என்றான். நான் பாலகுருவின் கேங்கு ஆள். ஆகவே பாலகுருவின் ஆட்கள் ஏதோ ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் பட்டினி கிடக்க நாங்கள் தின்றால் நாளைக்கு மூஞ்சியில் முழிக்க முடியுமா? அதனால் கவிழ்த்தோம் என்றான். டேப்பின் ஓரமாகப் போய் அந்தப் பக்கத்தில் ஒருத்தனைக் கேட்டேன். நீ ராக்கப்பன் பிளாக்கு, ஆகவே ராக்கப்பன் ஆட்கள் கம்பெனியிடம் எதையோ கேட்கப் போகிறார்கள், அது எங்களுக்கு இல்லாமல் போகலாமா என்றான். அவனுக்கும் என்ன கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. கேட்டு வாங்கும்போது தெரியும் என்றான்.

தெரியாமல் வைத்துவிட்டேன் என்று இருபுறமும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. இந்த நேரத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒருத்தன் கண்ணடித்தான்.

அதற்குள் யாரோ ஆபீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். நிஜாம் பாய் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக ஓடிவந்து வாசலில் நின்றார். போனில் முதீர் லைனில் இருந்தார். டேப்பின் ஒரு முனை வாசலுக்குப் பக்கத்துத் தூணில்தான் முடிந்தது. இந்தப் பக்கமிருந்து ராக்கப்பன் அண்ணன் எழுந்து வந்தார். அந்தப் பக்கமிருந்து பாலகுரு எழுந்து வந்தான். இரண்டு பேரும் தூணைத் தாண்டி, நிஜாம் பாய்க்கு முன்னால், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அந்த நாட்களில் காண்ட்ராக்டருக்கு முன்னால் நின்றார்களே, அதே நிற்பு. எனக்கு ஒரு கணம் எந்த மாதத்தில் இருக்கிறோம் என்றே குழம்பிவிட்டது.

"என்னய்யா கோரிக்கை?" என்றார் நிஜாம் பாய். "முதீர் கேக்குறாரு. ஷட்டவுன் நேரத்துல தட்டக் கவுத்திருக்கீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வந்து வேற நிக்கிறீங்க. என்ன வேணும்?"

ராக்கப்பன் அண்ணன் பாலகுருவைப் பார்த்தார். பாலகுரு ராக்கப்பன் அண்ணனைப் பார்த்தான். இவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவனும், அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று இவரும் நினைத்துக்கொண்டுதான் எழுந்து வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் வாயும் திறந்தபடி இருந்தது. தெரியாது என்று மற்றவன் முன்னால் எப்படிச் சொல்வது? போனுக்குள் முதீர் அரபியில் என்னவோ கத்திக்கொண்டிருந்தார்.

அதற்குள் என் வாய் தானாகத் திறந்தது.

"லீவு, பாய்," என்றேன். "கருப்பாயிக்கு ஆபரேஷன். நான் போகணும்."

பாலகுரு திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு நிஜாம் பாயைப் பார்த்தான்.

"அதான்," என்றான்.

"அதே தான்," என்றார் ராக்கப்பன் அண்ணன். "எங்க ஆளு ஒருத்தன விடுறோம், வேல நிக்காது."

"நானும் ஒரு ஆள விடுறேன்," என்றான் பாலகுரு.

என் ஒருவன் வேலைக்கு இரண்டு ஆள். நிஜாம் பாய் போனில் சொன்னார். இவ்வளவுதானா என்று முதீர் கேட்டாராம். அப்புறம் "கலாஸ்", முடிந்தது, என்றது எங்களுக்கே கேட்டது.

லீவு கிடைத்துவிட்டது. ஆனால் தட்டுகள் நிமிரவில்லை. இந்தப் பக்கம் முதலில் நிமிர்த்தினால் இவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று ஆகும். அந்தப் பக்கம் முதலில் நிமிர்த்தினாலும் அப்படித்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நிஜாம் பாய், யாருக்காகக் கவிழ்த்தார்களோ அவன் முதலில் சாப்பிடட்டும் என்று சொன்னார். எந்தப் பக்கத்தில் என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு பக்கத்திலும் என்றார். வயிறு முட்டத் தின்றிருந்தவன் நான். அந்தப் பக்கத்துச் சாம்பார் ஒரு தட்டு, இந்தப் பக்கத்துக் காரக்குழம்பு ஒரு தட்டு, டேப்பின் ஓரமாக நின்றுகொண்டே தின்று முடித்தேன். எல்லாரும் கைதட்டிவிட்டு அவரவர் தட்டை நிமிர்த்தினார்கள். நான் வெளியே போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தேன்.

கருப்பாயிக்குப் போன் செய்து வருகிறேன் என்றேன். எப்படி விட்டார்கள் என்று கேட்டாள். விட்டுவிட்டார்கள் என்றேன். அதற்கு மேல் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாளே அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. என் லீவை வாங்கிக் கொடுத்தது யார்? "அதான்" என்று முதலில் சொன்னது பாலகுரு. ஆளை விடுகிறேன் என்று முதலில் சொன்னது ராக்கப்பன் அண்ணன். இரண்டு பிளாக்கிலும் இரண்டு கதை ஓடியது. என்னிடம் கேட்டால், சூட்கேஸ் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்மாம் ஏர்போர்ட்டுக்கு நிஜாம் பாய் வேன் கொடுத்தார். என்னை அனுப்பிவைக்க ராக்கப்பன் அண்ணன் வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்து பாலகுருவும் வந்தான். பின் சீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார, நடுவில் நான். வழி முழுக்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ராக்கப்பன் அண்ணன் மடியில் எனக்குக் கட்டிய புளிச்சோறு. பாலகுரு மடியில் எலுமிச்சைச் சோறு. பாலகுரு தன் மச்சினியின் நம்பரை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். ராக்கப்பன் அண்ணன், தையல் பிரிக்கும் வரை கருப்பாயியைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே என்றார்.

ஏர்போர்ட்டில் என் அட்டைப் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. நல்ல கனம். நான் கை வைப்பதற்குள் ஒரு முனையை இவர் பிடித்தார், மறு முனையை அவன் பிடித்தான். ஒரு வார்த்தை இல்லை. ஒன்று இரண்டு என்று எண்ணவும் இல்லை. ஒரே மூச்சில் தூக்கினார்கள், ஒரே காலை எடுத்து வைத்தார்கள், பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் டிராலியில் போய் உட்கார்ந்தது. அத்தனை வருஷம் சேர்ந்து இரும்பு தூக்கிய கைகள்.

"அம்மையப்பா," என்றார் ராக்கப்பன் அண்ணன். "இப்பவாவது சொல்லிட்டுப் போடா. யாரு சொன்னது?"

பாலகுருவும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற மாதிரி நின்றார்கள் இரண்டு பேரும்.

"வாஷிங் மெஷின் சத்தத்துல எனக்குக் கேக்கலண்ணே," என்றேன்.

டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. அதன் கதவருகில் பாலகுரு நின்றான். பின் கதவருகில் ராக்கப்பன் அண்ணன் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் முன்னால் வந்தார். அவர் வந்ததும் இவன் பின்னால் போனான். இவன் போனதைப் பார்த்து அவர் மறுபடி நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தான். பின்னால் வரிசையில் நின்ற வண்டிகளும் அடித்தன. வெயிலில் இரண்டு பேரும் ஏறாமல் நின்றுகொண்டிருந்தார்கள். செக்-இன் வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் போய்விட்டேன்.